உடல் எடையும் கருத்தரிப்பு சிகிச்சையும்: யார் குறைத்துவிட்டு வர வேண்டும், யார் காத்திருக்கக் கூடாது

“எடையைக் குறைச்சிட்டு வாங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்.” கருத்தரிப்பு மையங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சிலருக்கு இந்த யோசனையே பாதி சிகிச்சை. வேறு சிலரோ இதைக் கேட்டு ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு, கருமுட்டை இருப்பு இன்னும் குறைந்த பிறகு அதே நாற்காலிக்குத் திரும்பி வருகிறார்கள். நீங்கள் இதில் எந்த வகை என்று எடை மெஷின் மட்டும் சொல்லாது. வயது, சினைப்பையின் நிலை, இதுவரை குழந்தை தங்காததற்கான காரணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதல் படி: சரியாக அளப்பது

காலையில், கழிவறைக்குப் போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடாமல், லேசான உடையில் எடை பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே மெஷினில் பார்த்தால் போதும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தேங்கி எடை கொஞ்சம் ஏறித் தெரியும். அதைப் பார்த்துச் சோர வேண்டாம்.

எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. என்ற உடல் நிறை அளவுகோல். உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ என்றால், 1.55-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 2.40. 74-ஐ இதனால் வகுத்தால் 30.8. உலக அளவுகோலில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். இந்தியர்களுக்கு இதே எல்லைகள் 23, 25 என்று கீழே இறங்கும். அதே பி.எம்.ஐ.யில் நமக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோய் வரும் ஆபத்தும் மேற்கத்தியரைவிட அதிகம் என்பதுதான் காரணம். ஆனால் மையங்கள் சிகிச்சைக்கு வரம்பு வைக்கும்போது பெரும்பாலும் 30, 35, 40 என்ற எண்களையே எடுத்துக்கொள்கின்றன. உங்கள் மையம் எந்தக் கணக்கில் பேசுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பெண்ணுக்கு 21 முதல் 50 வரை என்று வயதுக்குத்தான் வரம்பு போட்டிருக்கிறது. எடை வரம்பு அந்தந்த மையம் தானாக வைத்துக்கொள்வது.

இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால், பி.எம்.ஐ. 24 என்று காட்டினாலும் சர்க்கரைப் பரிசோதனை தேவை. பார்க்க ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் போட்டிருக்கும் பிசிஓஎஸ் (சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகளோடு ஹார்மோன் சீர்கெடும் நிலை) பெண்கள் பலர் பி.எம்.ஐ. கணக்கில் தப்பிவிடுகிறார்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25-க்கு மேலும், 12.6 சதவீதம் பேர் 18.5-க்குக் கீழும் இருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் கருத்தரிப்பில் சிக்கல் உண்டு. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது.

எடை எங்கே குறுக்கிடுகிறது

கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சேமிப்பு இல்லை. ஹார்மோன்களோடு நேரடியாகத் தொடர்புள்ளது. வயிற்றுக் கொழுப்பு கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடல் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. இந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. அதோடு, ஆண் ஹார்மோனைப் பிடித்து வைக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் குறைத்துவிடுகிறது. ரத்தத்தில் கட்டுப்பாடில்லாமல் திரியும் ஆண் ஹார்மோன் கூடுகிறது. ஃபாலிக்கிள்கள் (முட்டை வளரும் சிறு பைகள்) பாதி வளர்ந்து நின்றுவிடுகின்றன, முட்டை வெடிப்பதில்லை, மாதவிலக்கு தள்ளிப் போகிறது. முகத்தில் முடி, பரு, கழுத்தில் கருமை எல்லாம் இதே சங்கிலியின் வெளி அடையாளங்கள்.

இன்னொரு பக்கம், கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. முட்டை வெடிக்காததால் புரோஜெஸ்டரோன் சுரப்பதில்லை. தனியாக வேலை செய்யும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். எனவே மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் இருந்தால், ‘எடை குறைந்ததும் தானாக வரும்’ என்று காத்திருக்காதீர்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவர் தரும் மாத்திரையில் உதிரப்போக்கை வரவழைக்க வேண்டும். நெடுங்காலம் வராமல் இருந்தவர்களுக்கு உள்சுவரை ஸ்கேனில் அளந்து, தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்த பிறகே கரு வைப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஐவிஎஃப்-ல், அதாவது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி வைக்கும் சிகிச்சையில், எடையின் விளைவு எவ்வளவு? 2019-ல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, உடல் பருமன் உள்ள பெண்களுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு சாதாரண எடை உள்ளவர்களைவிட ஒப்பீட்டளவில் 15 சதவீதம் குறைவு. நூறில் 30 பேருக்குக் குழந்தை பிறக்கும் இடத்தில் சுமார் 25 பேருக்குப் பிறக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கருச்சிதைவும் கொஞ்சம் கூடுதல். இது ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம் இல்லை. ஆனால் 32 வயதுக்கும் 41 வயதுக்கும் இடையே வரும் சரிவு இதைவிடப் பல மடங்கு பெரியது. அடுத்து வரும் முடிவுகள் எல்லாம் இந்த ஒப்பீட்டைத்தான் நம்பி நிற்கின்றன.

இரண்டாவது படி: உங்கள் பிரச்சினை எது என்று பிரிப்பது

முட்டை வெடிக்காததுதான் பிரச்சினை, கருக்குழாய் திறந்திருக்கிறது, கணவரின் விந்து நன்றாக இருக்கிறது என்றால், எடைக் குறைப்பே உங்களுக்குச் சிகிச்சை. தற்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. சிலருக்கு மருந்தில்லாமலே கரு தங்குகிறது. மேலே சொன்ன 74 கிலோ பெண்ணுக்கு இது 3.7 முதல் 7.4 கிலோ. பி.எம்.ஐ. 25-க்குக் கீழே வர வேண்டும் என்றால் 60 கிலோவுக்கு இறங்க வேண்டும், அதாவது 14 கிலோ. அந்த 14 கிலோவை இலக்காக வைத்துப் பயந்து, 4 கிலோவைக்கூடத் தொடங்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

குழாய் அடைப்பு, கணவரின் விந்தணுக் குறைவு, காரணம் தெரியாத குழந்தையின்மை ஆகியவற்றுக்கு ஐவிஎஃப் போகிறவர்களின் கதை வேறு. இதைச் சோதித்துப் பார்த்த மூன்று ஆய்வுகள் முக்கியமானவை. நெதர்லாந்தில் 577 பெண்களைக் கொண்டு நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பி.எம்.ஐ. 29-ம் அதற்கு மேலும் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு முதலில் ஆறு மாதம் எடைக் குறைப்புத் திட்டம், மீதிப் பேருக்கு உடனே சிகிச்சை. திட்டத்தில் இருந்தவர்கள் சராசரியாக 4.4 கிலோ குறைத்தார்கள். இரண்டு வருட முடிவில், நிறைமாதத்தில் சுகப்பிரசவமாக ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் அவர்களில் 27.1 சதவீதம், உடனே சிகிச்சை பெற்றவர்களில் 35.2 சதவீதம். ஆனால் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் எடை குறைத்த குழுவில்தான் அதிகம்: 26.1-க்கு 16.2.

2017-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் ஐவிஎஃப்-க்கு முன் 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்துச் சராசரியாக 9 கிலோவுக்கு மேல் குறைக்க வைத்தார்கள். குழந்தை பிறந்தது 29.6 சதவீதம்; எடை குறைக்காதவர்களுக்கு 27.5. கிட்டத்தட்ட சமம். 2022-ல் வந்த அமெரிக்க ஆய்விலும், காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள பருமனான பெண்களுக்கு எடைக் குறைப்பால் குழந்தைப் பிறப்பு கூடவில்லை.

ஆக, ஐவிஎஃப் வெற்றியைக் கூட்டுவதற்காக மட்டும் சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போட இன்றைய ஆதாரம் இடம் தரவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மயக்க மருந்து ஆபத்து, சிசேரியன் புண் ஆறுவது ஆகியவற்றுக்காக எடை குறைவது நல்லது என்பது வேறு விஷயம். மருத்துவர் எந்தக் காரணத்துக்காகக் குறைக்கச் சொல்கிறார் என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்துக் காலக்கெடு மாறும்.

மூன்றாவது படி: காலக்கெடு

கெடு வைக்காத எடைக் குறைப்புதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய வீணடிப்பு. தொடங்கும் முன், முட்டை இருப்பைக் காட்டும் இரண்டு கையில் இருக்க வேண்டும்: ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனின் ரத்தப் பரிசோதனை, மாதவிலக்கின் 2 அல்லது 3-ம் நாள் ஸ்கேனில் ஆன்ட்ரல் ஃபாலிக்கிள் (சினைப்பையில் தெரியும் சிறு ஃபாலிக்கிள்கள்) எண்ணிக்கை.

வயது 35-க்குக் கீழே, முட்டை இருப்பு நன்று, பிரச்சினை முட்டை வெடிப்பதில் என்றால் மூன்று முதல் ஆறு மாதம் தாராளமாகக் கொடுக்கலாம். 35 முதல் 37 வரை என்றால் மூன்று மாதம். எவ்வளவு குறைந்திருந்தாலும் அந்தத் தேதியில் சிகிச்சை தொடங்க வேண்டும். 38-க்கு மேல், அல்லது இருப்பு குறைவு என்றால் காத்திருப்பது பெரும்பாலும் நஷ்டம். இவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: முட்டையை இப்போதே எடுத்துக் கருவாக்கி உறைய வைத்துவிட்டு, அடுத்த சில மாதங்களில் எடையையும் சர்க்கரையையும் சரிசெய்து, பிறகு கருவை வைப்பது. உறைந்த கருவுக்கு வயது ஏறாது. பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டியவர்களுக்கு முட்டை எடுப்பதற்கான மயக்க மருந்தே ஆபத்தாகலாம் என்பதால், இந்த வழியை மயக்க மருந்து நிபுணரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கெடுக்கள் ஒரு பொது வழிகாட்டல்தான். இரண்டு முறை கருச்சிதைவு ஆனவர், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்) உள்ளவர், சர்க்கரை கட்டுக்கு வராதவர் ஆகியோருக்குக் கணக்கு தனி.

நான்காவது படி: ரத்தப் பரிசோதனைகள்

75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை, ஹெச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), டி.எஸ்.ஹெச். (தைராய்டு), கொழுப்பு அளவுகள், கல்லீரல் பரிசோதனை, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, டி, ரத்த அழுத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அது சரியாக இருந்து, இரண்டு மணி நேர அளவு எகிறுவது சகஜம். சர்க்கரை நோய் இருந்தால் ஹெச்.பி.ஏ.1சி. 6.5-க்குக் கீழே வந்த பிறகு கரு தங்குவது நல்லது. 10-க்கு மேல் இருக்கும்போது கருத்தரிக்கவே கூடாது. கருவின் இதயமும் முதுகெலும்பும் உருவாகும் முதல் வாரங்களில் அதிகச் சர்க்கரை குறைபாடுகளை உண்டாக்கும். எடையை விடச் சர்க்கரைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு வலுவான நியாயம் உண்டு.

ஃபோலிக் அமிலம் எல்லோருக்கும் தினமும் 400 மைக்ரோகிராம். சர்க்கரை நோய் இருந்தால் பிரிட்டன் வழிகாட்டுதல் 5 மி.கி. சொல்கிறது. கருத்தரிக்க முயலும் முன்பே தொடங்கி 12-ம் வாரம் வரை போட வேண்டும்.

ஏற்கெனவே போடும் மாத்திரைகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின், பிரஷருக்கான எனாலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்றவை கர்ப்பத்துக்கு ஆகாதவை. நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி விழுபவர்கள் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அது தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயாக இருக்கலாம், மயக்க மருந்து கொடுப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஐந்தாவது படி: குறைப்பது எப்படி

தேவை ஒரு நாளைக்கு 500 முதல் 600 கலோரி பற்றாக்குறை. வாரம் அரை கிலோ, மாதம் 2 கிலோ குறைந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். முதல் வாரம் 2 கிலோ இறங்குவது பெரும்பாலும் நீர். மூன்றாம் வாரம் நின்றுபோனதாகத் தெரிவதும் அதனால்தான்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் இந்த 500 கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தோசைக்கல்லில் ஓரத்தைச் சுற்றி ஊற்றுவது, பொரியலுக்குத் தாளிப்பது, அப்பளம் பொரிப்பது எல்லாம் சேர்ந்தால் பலருக்கு ஒரு நாளில் நான்கைந்து கரண்டி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் வீட்டில் 2 லிட்டர். அதை மாதத் தொடக்கத்தில் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து, அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று நடத்தினால் எண்ண வேண்டிய வேலையே இல்லை. மூன்று வேளை டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை, சுமார் 120 கலோரி. நான்கு மணிக்கு டீயோடு வரும் இரண்டு வடை அல்லது ஒரு கைப்பிடி மிக்சர், இன்னொரு 200-க்கு மேல்.

சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. 150 கிராம் வெந்த சோறு, அதாவது ஒரு கப், கிட்டத்தட்ட 200 கலோரி. மதியம் ஒரு கப் சோறு, அதைவிட அதிக அளவில் காய், அதன் பக்கத்தில் ஒரு புரதம். சைவக் குடும்பங்களில் கோட்டை விடுவது இந்தப் புரதத்தில்தான். சாம்பாரில் கரைந்திருக்கும் பருப்பு புரதக் கணக்குக்குப் போதாது. கெட்டியாக ஒரு கப் பருப்பு, 100 கிராம் சுண்டல், தயிர், பன்னீர் என்று தனியாக வைக்க வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் 9, பன்னீரில் 18 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. உடல் எடை கிலோவுக்கு சுமார் 1 கிராம் என்ற கணக்கு பொருந்தும். சிறுதானியத்துக்கு மாறினால் எடை தானாகக் குறையும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. கலோரி அரிசியை ஒட்டியதுதான். நான்கு கம்பு தோசை, நான்கு அரிசி தோசை அளவுக்கே எடை போடும்.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பது, வெளியே தின்பதை வாரம் ஒன்றாக்குவது, விரதம் என்ற பெயரில் பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் இரட்டிப்பாகச் சாப்பிடாமல் இருப்பது ஆகியவையும் உதவும்.

நடை வாரம் 150 நிமிடம் குறைந்தபட்சம்; எடை குறைய 250 நிமிடம் தேவை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் சரியான வேகம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடப்பது சர்க்கரையை இறக்க நல்ல வழி. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருத்தல் 10 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் 10 தடவை, மூன்று சுற்று. தசை கூடினால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். எடை மெஷின் அசையாத மாதத்திலும் இந்தப் பலன் உண்டு.

செய்யக் கூடாதது: ஐவிஎஃப் ஊசி போடும் சுழற்சிக்கு முந்தைய சில வாரங்களில் 800 கலோரி டயட், கீட்டோ, ஜூஸ் விரதம் என்று திடீரென இறங்குவது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எடைக் குறைப்புப் பொடிகள், தைராய்டு நன்றாக இருக்கும்போதே மெலிவதற்காகத் தைராய்டு மாத்திரை போடுவது.

இந்த மாதங்களில் இன்னொன்றும் நடக்கலாம். எடை இறங்கியதும் முட்டை வெடிக்கத் தொடங்கிக் கர்ப்பமே தங்கிவிடும். நாள் தள்ளிப் போனால் ‘எனக்கு எப்போதும் இப்படித்தான்’ என்று விடாமல், முதலில் சிறுநீரில் பாருங்கள்.

மாத்திரை, ஊசி, அறுவை

மெட்ஃபார்மின் எடைக் குறைப்பு மருந்து இல்லை; இன்சுலின் சிக்கலுக்கானது. 500 மி.கி.யில் உணவோடு தொடங்கி வாரவாரம் கூட்டினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் அடங்கும். எடுத்த எடுப்பில் முழு அளவு போட்டு, வயிறு கெட்டு, மூன்றாம் நாளே தூக்கிப் போடுபவர்கள் அதிகம். நெடுநாள் போட்டால் பி12 பார்க்க வேண்டும்.

செமாக்ளுடைட், டிர்செபடைட் ஊசிகள்தான் இப்போது எல்லோரும் கேட்பது. டிர்செபடைட் இந்தியாவில் 2025-ல் விற்பனைக்கு வந்தது. எடை நன்றாகக் குறைக்கும். ஆனால் கருத்தரிக்கும் திட்டத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன் செமாக்ளுடைட்டையும், ஒரு மாதம் முன் டிர்செபடைட்டையும் நிறுத்த வேண்டும். போடும் காலத்தில் கருத்தடை அவசியம். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைப்பதால், தொடங்கியும் ஒவ்வொரு முறை அளவைக் கூட்டியும் நான்கு வாரம் ஆணுறை சேர்த்துக்கொள்ள வேண்டும். நிறுத்தியதும் பசி திரும்பும், எடையும் திரும்பத் தொடங்கும். ஆகவே நிறுத்தும் நாளையும் சிகிச்சை தொடங்கும் நாளையும் முன்கூட்டியே ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் ஆறு மாதம் விட்டால் போட்ட பணம் வீண். இவை இரைப்பையைக் காலியாக விடாமல் தாமதிப்பதால், அண்மையில் போட்டிருந்தால் முட்டை எடுக்கும் முன் மயக்க மருத்துவரிடம் சொல்வது உயிர் காக்கும் தகவல்.

எடைக் குறைப்பு அறுவை செய்தவர்கள் கருத்தரிக்க 12 முதல் 18 மாதம் காத்திருப்பது வழக்கம். வயது 39 என்றால் அந்த ஒன்றரை வருடமே பெரிய விலை. அறுவைக்கு முன் முட்டையோ கருவோ உறைய வைப்பதைப் பேசுங்கள். இரும்பு, பி12, ஃபோலேட் வாழ்நாள் முழுக்க வேண்டும். பிற்பாடு கர்ப்பத்தில் குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனை இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. விரல்நுனி ரத்தச் சோதனையில் பார்ப்பார்கள்.

ஆறாவது படி: சிகிச்சையில் எடைக்கேற்ப மாறுபவை

பிசிஓஎஸ்-க்கு முட்டை வெடிக்க முதல் மருந்து லெட்ரோசோல். 750 பெண்களில் நடந்து 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதில் 27.5 சதவீதத்தினருக்கும் பழைய க்ளோமிஃபீனில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. 2.5 மி.கி.யில் ஐந்து நாள் தொடங்கி, ஃபாலிக்கிள் வளராவிட்டால் 5, பிறகு 7.5 என்று கூட்டுவார்கள். எடை கூடியவர்களுக்கு மேல் அளவு தேவைப்படுவது அதிகம். 2.5-ல் பலன் இல்லை என்றதும் நேராக ஐவிஎஃப் என்று சொன்னால், அடுத்த அளவு ஏன் பார்க்கவில்லை என்று கேட்கலாம்.

ஐவிஎஃப் ஊசிகளும் எடை கூடியவர்களுக்குக் கூடுதல் அளவில், கூடுதல் நாட்களுக்குப் போகும்; செலவும் அதற்கேற்ப ஏறும். தொடக்கத்திலேயே உத்தேசச் செலவைக் கேட்டு வாங்குங்கள். தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை முழுவதும் இறக்கி, மருந்து உள்ளே போனபின் பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருங்கள். தினமும் பக்கம் மாற்றுங்கள். பிட்டத்தில் தசையில் போட வேண்டிய எண்ணெய் வகைப் புரோஜெஸ்டரோனுக்குக் குட்டை ஊசி போதாது. கொழுப்பிலேயே தங்கிவிட்டால் கட்டி விழும், ரத்தத்தில் அளவும் ஏறாது. நீளமான ஊசிதானா என்று நர்ஸிடம் கேட்பதில் தவறில்லை.

ஊசி நாட்களில் ஓட்டம், குதிப்பு, உடலை முறுக்கும் யோகா வேண்டாம். பெருத்த சினைப்பை முறுக்கிக்கொள்ளும். டயட்டும் இந்த நாட்களில் நிறுத்தம். ஆனால் தினமும் காலை எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, வயிறு உப்பி, சிறுநீர் குறைந்தால் அது சினைப்பை அதிகத் தூண்டலின் அடையாளம். அன்றே மையத்தைக் கூப்பிடுங்கள். இந்தச் சிக்கல் குண்டானவர்களைவிட ஒல்லியான பிசிஓஎஸ் பெண்களுக்கு அதிகம் வருவது பலருக்குத் தெரியாது.

முட்டை எடுக்கும்போது வயிற்றுக் கொழுப்பால் சினைப்பை மேலே ஒதுங்கி, ஊசி எட்டாமல் போகலாம். ஸ்கேனிலேயே இரண்டு சினைப்பையும் எட்டும் தூரத்தில் தெரிகின்றனவா என்று முன்கூட்டிக் கேளுங்கள். கரு வைக்கும் நாளில் வயிற்று ஸ்கேன் மங்கலாகத் தெரியும் என்பதால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு கருவே போதும். பருமனோடு இரட்டைக் கர்ப்பம் சேர்ந்தால் ரத்த அழுத்தமும் குறைப்பிரசவமும் கூடவே வரும்.

உறைந்த கரு வைப்பவர்களில், எடை கூடியவர்களுக்கு ரத்தத்தில் புரோஜெஸ்டரோன் அளவு குறைந்து நிற்பது தெரிந்த விஷயம். கரு வைக்கும் நாளை ஒட்டி அளவைப் பார்த்து, குறைந்தால் ஊசியோ மாத்திரையோ சேர்ப்பது பல மையங்களில் இப்போது நடைமுறை.

எடை குறைவாக இருப்பவர்களுக்கு

பி.எம்.ஐ. 19-க்குக் கீழே இருந்து, மாதவிலக்கு நின்றுவிட்டதா அல்லது வந்து வந்து போகிறதா? கொழுப்பு மிகக் குறைந்தால், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சரிகிறது. ‘இப்போது குழந்தை சுமக்க உணவில்லை’ என்று மூளை எடுத்துக்கொண்டு சினைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்துகிறது. இவர்களுக்கு க்ளோமிஃபீன் கொடுத்தால் பெரும்பாலும் வேலை செய்யாது; அது தட்டி எழுப்ப வேண்டிய ஈஸ்ட்ரோஜன் சுழற்சியே அங்கு இல்லை. ஊசியில் முட்டையை வளர்த்துவிடலாம். ஆனால் குறைந்த எடையில் கர்ப்பமானால் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் வரும் வாய்ப்பு கூடும். எனவே இங்கே மட்டும் ‘எடை போட்டுவிட்டு வாருங்கள்’ என்பது பெரும்பாலும் சரி. தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதல்: ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் அந்த அளவை எட்டிவிடும். கடும் உடற்பயிற்சியைப் பாதியாக்குங்கள். சாப்பிட்டும் எடை ஏறவில்லை என்றால் தைராய்டு, காசநோய், குடல் பிரச்சினை பார்க்க வேண்டும். நம் ஊரில் இடுப்புக் குழிக் காசநோய் குழாய் அடைப்புக்கும் காரணமாவதால் இது இரட்டிப்பு முக்கியம். சாப்பிடப் பயம், வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் மனநல மருத்துவர்தான் முதல் மருத்துவர்.

கணவர் தராசில் ஏறினாரா?

வீட்டில் ஒருவருக்கு மட்டும் டயட் என்றால் மூன்று வாரத்தில் கலைந்துவிடும். அது ஒரு பக்கம். ஆண்களின் பருமனும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்து விந்தணுவைப் பாதிக்கிறது. ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள் ஆவதால், அவர் இன்று தொடங்கும் மாற்றம் மூன்று மாதம் கழித்துத்தான் பரிசோதனையில் தெரியும். மனைவியின் கெடுவும் அவருடைய கெடுவும் ஒரே நாளில் தொடங்கட்டும்.

பாசிட்டிவ் வந்த பிறகு

எடைக் குறைப்பை அன்றே நிறுத்துங்கள். ‘இரண்டு பேருக்குச் சாப்பிடு’ என்பதையும் கேட்காதீர்கள். கர்ப்பத்துக்கு முன் பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தவர்கள் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ, 25 வரை உள்ளவர்கள் 11.5 முதல் 16, 30 வரை உள்ளவர்கள் 7 முதல் 11.5, அதற்கு மேல் உள்ளவர்கள் 5 முதல் 9 கிலோ ஏறலாம்.

எடை கூடியவர்களுக்குக் குளுக்கோஸ் பரிசோதனை முதல் பதிவிலேயே. அது சரியாக இருந்தாலும் 24 முதல் 28-ம் வாரத்துக்குள் மறுபடியும். ரத்த அழுத்த ஆபத்துக் காரணங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் 12-ம் வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சிரைப்பும் வந்தால் ரத்தக்கட்டு இருக்கலாம். அதற்கு மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் வயிற்றுக் கொழுப்பால் குழந்தையின் இதயம் தெளிவாகத் தெரியாமல், இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வது சகஜம். குழந்தைக்கு ஏதோ குறை என்று அதற்கு அர்த்தம் இல்லை, ஆனால் அந்த இரண்டாவது தேதியைத் தவறவிடாதீர்கள்.